தைல மரம் வெட்டும் அன்றே மறுதாம்பின் கதி தெரிந்துவிடும்

தைல மரத் தோப்பை வெட்டுக்கு விடும்போது பேச்செல்லாம் டன் விலையிலேயே முடிந்துவிடுகிறது. அடிக்கட்டையை எப்படி விட்டுப்போவது என்று யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. அடுத்த மகசூல், அதாவது மறுதாம்பு, அந்தக் கட்டையிலிருந்துதான் துளிர்க்க வேண்டும் என்பதால், இது பெரிய குறை.

துளிர்விடும் மொட்டுகள் கட்டையின் பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. பட்டை கிழிந்த பக்கம் துளிர் வராது. மழுங்கிய கோடாரியால் கொத்தினால் பட்டை கட்டையை விட்டுக் கழன்றுவிடும். செயின் சா (சங்கிலி ரம்பம்) நல்லது. தரையிலிருந்து 10 முதல் 12 செ.மீ. உயரத்தில், மழைநீர் வழிந்தோட லேசான சரிவோடு அறுக்க வேண்டும். கட்டை உயரமாக நின்றால் துளிர் மேலே கிளம்பி, பிடிப்பில்லாமல் காற்றில் பிய்ந்துவிடும்.

20 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு, சாய வேண்டிய பக்கம் 4 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் வெட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கமிருந்து அறுத்து வந்து, நடுவில் 2 செ.மீ. மரத்தைக் கதவுக் கீல் போல விடுங்கள். அதுதான் மரத்தைத் திசை மாறாமல் படுக்க வைக்கிறது. கீலின் இரு ஓரங்களிலும் சிறிதாக ஒரு கீறல் அறுத்துவிட்டால், விழும் மரம் கட்டையின் பட்டையைச் சேர்த்து உரித்துக்கொண்டு போகாது. இந்த ஒரு நிமிட வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கவே கூடாது. அறுக்கும்போது சீவல் சீவலாக வராமல் மாவாகக் கொட்டினால் சங்கிலி மழுங்கிவிட்டது. உடனே அரம் போடுங்கள்.

வெட்டிய ஓரிரு நாளில் பட்டையை உரித்துவிட வேண்டும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். உரித்த பட்டையையும் தழையையும் எரிக்காதீர்கள், அள்ளிக்கொண்டு போகவும் விடாதீர்கள். பட்டையில் சுண்ணாம்புச் சத்தும் இலையில் தழைச்சத்தும் அதிகம். கட்டையை மூடாமல் வரிசைகளுக்கு நடுவே பரப்பினால் போதும்.

சிக்கல் இனிமேல்தான். கோடையில் வெட்டினால் கட்டை காய்ந்து பல செத்துப்போகும். மழைக்காலத்தில் துளிர் நன்றாக வரும், பட்டையும் சுலபமாக உரியும்; ஆனால் ஈர மண்ணில் டிராக்டர் ஏறினால் நிலம் இறுகிவிடும். அந்த இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே வந்துவிடுகிறது. ஆகவே தோப்பு முழுக்க வண்டியை அலையவிடாமல் சில தடங்களை மட்டும் குறித்து, அவற்றின் மேல் மிலாரை (சிறு கிளைகளை)த் தடிமனாகப் போட்டு ஓட்டுங்கள். லாரி ரோட்டோரத்திலேயே நிற்கட்டும். ஈரம் பார்க்க, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள்: பென்சில் கனத்துக்கு உடையாமல் திரியாக உருண்டால் அன்று வண்டி இறக்க வேண்டாம்.

துளிர்கள் ஆள் உயரம் தாண்டியதும், கட்டைக்கு ஒன்றிரண்டு மட்டும் வைத்து மற்றதைக் கழித்துவிடுங்கள். காற்று வரும் பக்கத்துத் துளிரை வையுங்கள். காற்று அதைக் கட்டையோடு அழுத்துமே தவிரப் பிய்க்காது.