சொல் விளக்கம்: குழு ஒப்படைப்பு

இணையவழிக் கல்லூரிப் பாடங்களில் 'குரூப் அசைன்மென்ட்' என்று வழங்கும் தொடருக்குக் 'குழு ஒப்படைப்பு' என்பதே பொருத்தமான தமிழ். இலங்கையில் இதை 'ஒப்படை' என்பார்கள்.

'அசைன்' என்னும் வினை 'அசிக்னாரே' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதனுள் இருக்கும் 'சிக்னும்' அடையாளத்தைக் குறிப்பதால், இன்னாருக்கு இன்னது என்று குறித்து ஒதுக்குவதே முதற்பொருள். 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' என்ற 517ஆம் குறளில், வேலை, வழி, ஆள் என்ற மூன்றையும் ஆராய்ந்த பிறகே 'விடல்' வருகிறது. ஒப்படைத்தல் என்பதன் முழுக் கருத்தும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

தில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இந்திக் கையேடுகள் அசைன்மென்ட்டைச் 'சத்ரீய கார்ய' என்கின்றன. பருவத்துக்குரிய வேலை என்று பொருள்படும் அத்தொடரில் காலம் தெரிகிறது. யாரிடம் விடப்பட்டது என்பது தெரிவதில்லை. அவ்வகையில் தமிழ்ச் சொல் நுட்பமானது. ஆயினும் மாணவர் பலர் தாங்கள் எழுதித் தருவதையே ஒப்படைப்பு என்று கொள்கிறார்கள். அது சமர்ப்பித்தல், முதலில் ஒப்படைக்க வேண்டியவர் ஆசிரியர்.

மயூர் விகாரிலிருந்து இணையவழியில் பாடம் நடத்தும் நான், "தில்லியின் குடிநீர் பற்றிக் குழுவாக எழுதுக" என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டேன். வந்த கட்டுரை ஒன்றில் எழுத்துரு நான்கு இடங்களில் மாறியிருந்தது; இரண்டாம் பக்கம் சொன்னதை ஏழாம் பக்கம் மறுத்தது. நான்கு பேர் தனித்தனியே எழுதி ஒட்டியிருந்தார்கள், குழுவாகச் செய்தாக வேண்டிய வேலை எதையும் நான் கொடுக்காததால். அடுத்த பருவத்தில், ஒவ்வொருவரும் தம் வீட்டில் குழாய்நீர் வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவர வேண்டும் என்றும், நால்வரின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றிக் கடைசிக் கேள்விக்கு விடை எழுத இயலாது என்றும் அமைத்தேன். தொகுப்பவர் யார், வரைவு எந்நாளில், குழுவுக்கு எத்தனை மதிப்பெண், தனியாளுக்கு எத்தனை என்பவை முதல் பக்கத்திலேயே இருந்தன. துவாரகா பட்டியலும் லட்சுமி நகர்ப் பட்டியலும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு குழு கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் வாதிட்டதை அறிந்தபோது மனம் நிறைந்தது.

சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் 'குழுப்பணி' என்ற பொதுச்சொல் போதும். நோக்கமும் பொறுப்பும் எழுத்தில் வகுத்து ஒரு குழுவிடம் விடப்படும் பாடவேலைக்கே 'குழு ஒப்படைப்பு' என்று எழுத வேண்டும்.