சீட்டிங் டெப்த்: இருக்கை ஆழமா, செருகாழமா?

துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் அக்கா மகன், வேட்டை ரைஃபிள் தோட்டாக்களைப் பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கி என்னிடம் பார்க்கக் கொடுத்தான். மூன்றாவது வரியிலேயே ‘தோட்டாவின் இருக்கை ஆழ நிலைத்தன்மை’ என்று இருந்தது. எனக்குச் சேலம் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டுதான் ஞாபகம் வந்தது.

“ஏன்டா, இதுல யாரு உக்காரப் போறா?”

“சீட்டிங் டெப்த்துன்னா அப்படித்தானே மாமா வரும்?”

நான்கு சொல்லில் மூன்று தப்பு. ஆழம் மட்டும் தப்பித்தது.

முதலில் தோட்டா. இது இந்துஸ்தானி, மராத்தி வழியாகப் புழங்கும் சொல். தெலுங்கில் தூட்டா என்பார்கள். எங்கள் பக்கம் இதைத் துப்பாக்கியோடு கேட்பதைவிடக் கிணற்று வேலையில்தான் அதிகம் கேட்டிருப்போம். பாறை தட்டினால் ‘தோட்டா வெச்சு உடைக்கணும்’ என்பார்கள்; அது ஜெலட்டின் குச்சி. இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றுதான்: மருந்து அடைத்த உருளை. ஆங்கிலக் கார்ட்ரிட்ஜும் அப்படித்தான். காகிதத்தைக் குறிக்கும் லத்தீன் ‘கார்ட்டா’, இத்தாலியனில் காகிதப் பொட்டலமாகி, பிரெஞ்சில் ‘கார்த்தூஷ்’ ஆகி, ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது அந்தக் காகிதப் பொட்டலத்தைத்தான். நம் ‘கடுதாசி’யும் போர்த்துக்கீசியர் வழியாக வந்த அதே வேர்ச் சொல். கடுதாசிக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது!

ஆக, தோட்டா என்பது முழுப் பொட்டலம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக் கூடு, அடியில் பொறி தட்டும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். ‘உடலில் பாய்ந்த தோட்டாவை மருத்துவர்கள் அகற்றினர்’ என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் பித்தளைக் கூட்டோடு சேர்த்தா பாய்ந்தது என்று கேட்கத் தோன்றும். பிரெஞ்சில் ‘boule’ என்றால் உருண்டை. புல்லட் என்றால் சின்ன உருண்டை. நம் குண்டும் உருண்டைதான். இன்றைய ரைஃபிள் குண்டு கூர்மூக்கோடு நீளமாக இருந்தாலும் பெயர் மாறவில்லை, இரு மொழியிலும்.

அடுத்து, சண்டைக்குரிய சொல்: சீட்டிங். குண்டின் அடிப்பாகம் கூட்டின் கழுத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் இந்த ஆழம். இது நாற்காலி சம்பந்தப்பட்ட சீட் அல்ல, பட்டறை சீட். கொண்டலாம்பட்டியில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் இந்தப் பொருளைக் காதால் கேட்கலாம். ஷாஃப்டில் பேரிங்கை அடித்து இறக்கிவிட்டு, விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்து, “இன்னும் ஒரு நூல் உக்காரணும்ணா” என்பார்கள். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. நாலு நூல் போல்ட் என்றால் அரை அங்குலம். தோட்டாக்காரர்கள் கணக்குப் பார்ப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றை, அதாவது 0.0254 மி.மீ.யை. நம் ஒரு நூலில் அவர்களுடைய அளவு 125 அடங்கும்.

‘உட்கார்’ பட்டறைக்குப் பொருந்தும், கலைச்சொல்லாக நீளாது. ‘பதி’ நல்ல சொல். ஆனால் கொலுசுப் பட்டறையில் கல் பதித்தால் கல் அங்கேயே தங்க வேண்டும். குண்டோ வெளியேறுவதற்கென்றே வைக்கப்படுவது. போதாததற்குப் ‘பதிவு’ என்றால் இப்போது சார்பதிவாளர் அலுவலகம்தான். நான் பரிந்துரைப்பது செருகு. பேச்சில் சொருகு. கத்தியை இடுப்பில் சொருகுகிறோம், பூவைக் கொண்டையில் சொருகுகிறோம். தூக்கம் வந்தால் கண் சொருகுகிறது, பாதி விழி இமைக்குள், பாதி வெளியே. ஒரு பாதி உள்ளே மறைய, மறு பாதி நீட்டிக்கொண்டிருப்பதுதான் செருகல். பித்தளைக் கழுத்தில் குண்டு நிற்பதும் அப்படியே. வேண்டும்போது உருவிக்கொள்ளலாம் என்பதும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. செருகு + ஆழம் = செருகாழம். ஊறுகாய் போல முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை.

இதை எப்படி அளப்பது? உள்ளே இறங்கியது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே வெளியே உள்ளதை அளக்கிறார்கள். தோட்டாவின் அடியிலிருந்து குண்டின் நுனிவரை மொத்த நீளம். 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்த உச்சம் 2.810 அங்குலம், 71.37 மி.மீ. ஆனால் வேட்டைக் குண்டுகளில் பலவற்றுக்கு ஈய நுனி. லேசாக நசுங்கினாலே அளவு மாறும். அதனால் நுனியை விட்டுவிட்டு, மூக்கின் வளைவு தடித்து முழு விட்டத்தை நெருங்கும் இடத்தில் வெர்னியர் அளவுகோலில் புஷ் எனும் துளை வளையத்தை மாட்டி அளப்பதே நம்பகமானது. குழலுக்குள் திருகாக ஓடும் புரியின் மேட்டை முதலில் தொடுவதும் நுனியல்ல, அந்த வளைவுதான்.

செருகல் கூடினால் கூட்டுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். குறைந்தால் குண்டு புரியில் முட்டும், அப்போதும் அழுத்தம் ஏறும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு குழலிலேயே சிக்கி, மருந்து கொட்டிப்போகவும் கூடும்.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். சேர்வராயன் மலையை வெள்ளைக்காரர் ஷெவராய் ஆக்க, நாமும் பலகையில் ஷெவராய் என்றே எழுதுகிறோமே, அந்த மலையில் காப்பித் தோட்டக் காவலுக்கு இருந்த ஒரு பெரியவர் சின்ன வயதில் எனக்கு நாட்டுத் துப்பாக்கியைக் காட்டியிருக்கிறார். வாய்வழியாக மருந்து, தேங்காய் நார், குண்டு, பிறகு இரும்புச் சலாகையால் இடித்துக் கெட்டிப்பது. சலாகையில் அரத்தால் கீறிய கோடு ஒன்று இருந்தது. முழுக்க இறங்கினால் அது குழல்வாயோடு வாயாக நிற்கும். “கோடு வெளிய தெரிஞ்சா சுடக் கூடாது சாமி, குழா வெடிச்சுரும்” என்றார். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே சந்து விட்டால் ஆபத்து என்பது உண்மைதான். செருகாழம் என்ற சொல் அவரிடம் இல்லை, அளவுகோல் இருந்தது. 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைப் பேச்சு மலையில் அடங்கிவிட்டது.

மீதி ஒரு சொல், நிலைத்தன்மை. ஆடாமல் நிற்பதற்குத்தான் அது பொருந்தும். இங்கே வேண்டியது, பெட்டியில் உள்ள இருபதும் ஒன்றுபோல் இருப்பது. அதற்குச் சீர்மை போதும்: ‘செருகாழச் சீர்மை’. எந்த ஆழம் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் மாறினால்தான் குறி சிதறும். அதற்காக நூறு மீட்டரில் மான் அளவு இலக்குக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டைப் பற்றிக் கவலைப்படுவது, என் கணக்கில், வீண். அது தாளில் ஒரே துளையாகச் சுடுகிறவர்களின் கவலை.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க 1959-இன் ஆயுதச் சட்டம் விடாது. ஆகவே மருமகனின் கூட்டாளிகள் கடையில் வாங்கியதை வெர்னியரில் அளந்து, ஒத்தவற்றைத் தனியாக எடுத்து வைப்பதோடு சரி. சொல் பிடித்திருக்கிறதா என்று போன வாரம் கேட்டேன்.

“எல்லாரும் சொல்றாங்க மாமா. ஆனா ‘இதுக்குச் சொருகு எவ்ளோ?’ன்னுதான் கேக்கறாங்க.”

தப்பித்திருந்த ஆழத்தையும் தின்றுவிட்டார்கள்.