பத்திரத்தில் எழுதிவிட்டால் விவாகரத்து ஆகிவிடாது

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் ‘இனி இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்தியாயிற்று. அத்தோடு விவாகரத்து முடிந்தது என்று இன்றைக்கும் நிறையப் பேர் நம்புகிறார்கள். முடியவில்லை. இந்து திருமணச் சட்டம் 1955-க்குள் வரும் திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்புதான் முறிக்க முடியும். சில சமூகங்களில் வழிவழியாக உள்ள ‘தீர்த்துவிடும்’ வழக்கத்தை 29-வது பிரிவு ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அந்தத் தாளை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, அது குற்றமும் ஆகும். ஓய்வூதியம், வாரிசுச் சான்று என்று அலுவலகப் படி ஏறும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. விவரம் தெரியாமல் இரண்டாவதாகக் கழுத்தை நீட்டிய பெண்தான் அப்போது தவித்து நிற்கிறாள்.

சரி, முறையான வழி எது? இருவரும் ஒத்துக்கொண்டால் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. அதற்குக் குறைந்தது ஓராண்டு கணவன் மனைவியாக வாழாமல் பிரிந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ளது. சேர வழியே இல்லை, ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றால் நீதிமன்றம் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

ஒருவர் மறுத்தால் கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, தகாத உறவு போன்ற காரணம் ஒன்றைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். ‘மனசு ஒட்டவில்லை’ என்பது சட்டத்தில் காரணமாக இல்லை. மீளமுடியாமல் முறிந்த திருமணத்தை அரசமைப்பின் 142-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் கலைக்கலாம் என்று 2023-ல் தீர்ப்பானது. குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஒன்று முக்கியம்: சம்மன் வந்தால் வாங்காமல் ஒதுங்காதீர்கள். நீங்கள் போகாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

பரஸ்பர சம்மதத்தில் நான் அதிகம் கவலைப்படுவது அந்த மனுவோடு எழுதப்படும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான். சீக்கிரம் விட்டால் போதும் என்ற களைப்பில், ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்ற வரிக்குக் கீழே பெண்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடுவதற்கு முன் தனக்கு என்ன உரிமை என்று பாருங்கள்.

பிறந்த வீட்டில் போட்ட நகை, சீராக வந்த பாத்திரம், பண்டம், பெண்ணுக்கு வந்த திருமணப் பரிசு எல்லாம் பெண்ணின் சொந்தச் சொத்து. புகுந்த வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதால் அது அவர்களுடையது ஆகிவிடாது. நகைக்கடை ரசீதையும் கல்யாணப் புகைப்படங்களையும் பத்திரமாக வையுங்கள், வழக்கில் அவைதான் பேசும். அதேசமயம், விவாகரத்தானால் கணவன் சொத்தில் பாதி வரும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் இல்லை. அவருடைய வருமானமும் சொத்தும் ஜீவனாம்சத் தொகையை முடிவுசெய்யும்போது கணக்கில் வரும், அவ்வளவுதான்.

ஜீவனாம்சத்துக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்காலத் தொகை கேட்கலாம். வருமானமில்லாத கணவனும் கேட்க இடமுண்டு. 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இருவரும் சம்பளம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், தொகையும் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 125) மாஜிஸ்திரேட் மூலமும் கேட்கலாம். அங்கே உத்தரவான பணம் வராவிட்டால், அது நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். இதைத் தவறவிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

பிள்ளை விஷயத்தில் அப்பா, அம்மா உரிமையைவிட பிள்ளையின் நலனையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். தாய் தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தாலும், பிள்ளையின் பராமரிப்புச் செலவை அவள் எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ன் விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ் நடந்த பதிவுத் திருமணத்துக்கு அந்தச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் என்று விதிகள் மாறும்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், 15100-க்கும் அழைக்கலாம். மனைவி தான் இப்போது வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அப்புறம், தீர்ப்பானதும் சான்றிட்ட நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்கு முன் மறுமணத் தேதி குறிக்காதீர்கள்.