மதிப்பெண் போட வேண்டியவர் யார்?

பென்னாகரம் பக்கத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வரும் ஒரு பெண்மணி, "வயிற்றுவலிதான், வேறொன்றுமில்லை" என்கிறார். முகத்தில் பயம். அதைக் கவனிக்கும் மருத்துவர் இன்னொரு கேள்வி கேட்பார்; கவனிக்காதவர் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறையும் ஒரு பாடம். அப்படியானால் பிறர் மனநிலையைப் புரிந்துகொள்ளும் இந்த ஒத்துணர்வை எப்படி அளப்பது?

அவரவரையே கேட்பது எளிய வழி. அமெரிக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980-இல் வெளியிட்ட வினாத்தாளில் 28 வாக்கியங்கள். பிறர் நிலையிலிருந்து பார்ப்பது, அவருக்காக வருந்துவது, கதைமாந்தரோடு ஒன்றிப்போவது, பிறர் தவிப்பைக் கண்டு தானே பதறிப்போவது ஆகிய நான்கையும் அது தனித்தனியாக அளக்கிறது. இப்படிப் பிரித்தது பெரிய முன்னேற்றம். விபத்தைப் பார்த்துக் கைகால் உதறுகிறவருக்கு இரக்கம் நிறைய இருக்கலாம், உதவத்தான் முடியாது.

ஆனால் தன்னைக் கல்நெஞ்சன் என்று யார் எழுதுவார்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் பார்த்தபோது, பிறர் மனத்தை அறிவதில் ஒருவர் தனக்கே போட்டுக்கொண்ட மதிப்பெண், செய்முறைச் சோதனைகளில் தெரிந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 1 சதவீதத்தைத்தான் விளக்கியது; அதாவது, இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹென் குழுவின் செய்முறைச் சோதனையில் 36 படங்கள், கண்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் தெரியும் உணர்ச்சிக்கு, நான்கு சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூரில் இதை எந்த மொழியில் நடத்துவது? உணர்ச்சி புரிந்தும் சொல் புரியாமல் தோற்பவர்கள் இருப்பார்கள்.

என்னைக் கவர்ந்தது அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஐக்ஸின் முறை. இருவர் பேசுவதை வீடியோ எடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் அதைத் தனியே பார்த்து, மனத்தில் ஏதேனும் ஓடிய இடங்களில் நிறுத்தி, ஓடியதை எழுதுகிறார்கள். அதே இடங்களில் நிறுத்தி, அவர் மனத்தில் ஓடியது என்ன என்று மற்றவரிடம் ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் எவ்வளவு பொருந்துகிறது என்று நடுவர்கள் 0, 1, 2 எனப் புள்ளி இடுகிறார்கள். விடைத்தாள் உணர்ந்தவரிடமே இருக்கிறது.

மருத்துவமனையில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே பயன்படக்கூடியது, ஸ்காட்லாந்து மருத்துவர் ஸ்டூவர்ட் மெர்சர் குழு 2004-இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள். காது கொடுத்துக் கேட்டாரா, கவலையை முழுமையாகப் புரிந்துகொண்டாரா என்று நோயாளியே மருத்துவருக்கு மதிப்பெண் போடுகிறார், 50-க்கு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். கேட்பவர் மட்டும் அந்த மருத்துவமனை ஊழியராக இருக்கக் கூடாது; அடுத்த வாரமும் அதே மருத்துவரிடம் வரவேண்டியவர், ஊழியரிடம் குறை சொல்ல மாட்டார்.