சாஃப்ட் பவர்: தமிழ்ல எப்படிச் சொல்றது?

அக்கா பொண்ணு இங்க சேலத்துலதான் பி.ஏ. படிக்கிறா. இந்த செமஸ்டர் உலக அரங்குல இந்தியாவோட இடம், பேரு, மதிப்பு இதப் பத்தி ஒரு எலெக்டிவ் பேப்பர், ஹிஸ்டரி மேடம், பொலிட்டிகல் சயின்ஸ் சார், மீடியா சார்னு மாத்தி மாத்தி வந்து எடுக்குறாங்களாம். முந்தாநாள் தட்டுவடை செட் கடையில நிக்கிறப்ப "மாமா, சாஃப்ட் பவருக்கு தமிழ்ல என்ன?"ன்னா. மொபைல்ல போட்டுப் பாத்தாளாம், 'மென்மையான சக்தி'ன்னு வந்துச்சாம். துணி சோப்பு விளம்பரம் மாதிரி இருக்குங்க.

சொல்லு ஒண்ணும் ரொம்பப் பழசில்ல. ஜோசஃப் நைன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1990ல பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இன்னொரு நாட்ட நம்ம வழிக்குக் கொண்டுவரணும்னா மெரட்டலாம், காசு குடுக்கலாம், இல்ல அவங்களே ஆசப்பட்டு வர்ற மாதிரி இருக்கலாம். மொத ரெண்டும் ஹார்டு பவர், மூணாவது சாஃப்ட் பவர். கலாச்சாரம், அரசியல் விழுமியங்கள், வெளியுறவுக் கொள்கை, இந்த மூணுல இருந்துதான் அது வருதுங்கறாரு. ஒரே டிபார்ட்மென்ட்டால இந்தப் பேப்பர நடத்த முடியாததும் அதனாலதான்.

வெளியூர்ல வண்டிக்காரர் எந்தத் தோட்டத்து மாம்பழமா இருந்தாலும் சேலத்து மாம்பழம்னு கூவுறாரே, நாம யாராச்சும் போய் கூவச் சொன்னோமா? அதேதான். ஜூன் 21ம் தேதிய ஐ.நா. சபை 2014ல யோகா தினமா அறிவிச்சு, 2015ல இருந்து ஊர் உலகமே பாய விரிக்குதுல்ல, அது நம்ம நாட்டுக் கணக்கு. கொரியா கணக்கு எங்க வீட்டு டிவியிலயே சீரியலா ஓடுது, அக்கா பொண்ணு சப்டைட்டில் இல்லாமலே பாதி புரியுதுங்கறா.

சரி, தமிழுக்கு வருவோம். மென் அதிகாரம்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு ஒப்பல, அதிகாரம் நாற்காலியோட வர்றது. பவருக்கு லத்தீன் வேர்ல 'இயலுதல்'னு அர்த்தம், நம்ம ஆற்றலும் அதேதான், ஆற்றாமைன்னா முடியாமை தானே. முன்னாடி 'மென்' போட்டா மென்னாற்றல், எதிர்ப்பக்கம் வன்னாற்றல். மென்பொருள், வன்பொருள்னு ஏற்கெனவே வாயில பழகின ஜோடிதான். ஒரே குறை, 'மென்'னு கேட்டதும் வலு கம்மியோன்னு தோணும், அதனால நான் 'ஈர்ப்பாற்றல்'னு சொல்லிப் பாத்தேன், "ஃபிசிக்ஸ் பாடம் மாதிரி இருக்கு மாமா"ன்னு ஒரே போடா போட்டுட்டா. பரீட்சைக்கு மென்னாற்றல்னே எழுது கண்ணுன்னு விட்டுட்டேன்.

ஹார்டு பவர், சாஃப்ட் பவர் ரெண்டையும் கலந்து பயன்படுத்தறதுக்கு ஸ்மார்ட் பவர்னு பேராம். அதுக்குத் தமிழ் கேட்டா. கையில இருந்த செட்டக் காட்டினேன், மேலயும் கீழயும் மொறுமொறு தட்டை, நடுவுல பீட்ரூட்டும் சட்னியும். "இதையே எழுதட்டா?"ன்னு கேட்டுட்டு இன்னொரு பிளேட் சொல்லிட்டா.