கோப்பித்தியாம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர் நடத்தும் பழைய பாணிக் காப்பிக்கடைக்கு இந்தப் பெயர். ‘கோப்பி’ மலாய், ‘தியாம்’ ஹொக்கியன் சீனத்தில் கடை. முற்பாதி ஈழத்தமிழருக்கு வீட்டுச் சொல்லாகவே கேட்கும். அவர்களும் கோப்பி என்றுதானே சொல்கிறார்கள்!

பெயரில் ஹொக்கியன் இருந்தாலும் இந்தக் கடைகளைப் பெரிதும் வளர்த்தவர்கள் தென்சீனத்து ஹைனான் தீவுக்காரர்கள். மற்றச் சீனர்களுக்குப் பிந்தி மலாயா வந்தவர்கள். நல்ல தொழில்களெல்லாம் அதற்குள் கைமாறிவிட்டதால் வெள்ளைக்காரர் வீட்டு அடுக்களைக்கும் கப்பலுக்கும் சமைக்கப் போனார்கள். அங்கே பழகிய ரொட்டியும் காப்பியும் பின்னால் கடையாயின. வாட்டிய ரொட்டியில் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, ரம்பை இலை சேர்த்துக் கிண்டிய ‘காயா’வைத் தடவி, நடுவில் ஒரு வில்லை வெண்ணெய் வைப்பார்கள். காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுத்து, டிகாஷனைத் துணிப்பையில் வடித்து, கெட்டிப்பாலின் மேல் ஊற்றுவார்கள். ‘கோப்பி ஓ’ என்றால் பால் கிடையாது. ‘ஓ’ ஹொக்கியனில் கறுப்பு. கூடவே ‘கோசோங்’ என்றால் சர்க்கரையும் இல்லை. அது மலாயில் ‘காலி’. பெரியவர்கள் சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பதை டபராக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘தியாம்’ என்றதும் ஒரே கடை என்று எண்ணிவிடக் கூடாது. கடைக்காரர் பெரும்பாலும் பானம்தான் விற்பார். சார் குவே தியாவ் என்னும் பட்டை அரிசி நூடுல்ஸை வறுப்பவர் வேறு, நூடுல்ஸ் சூப் போடுபவர் வேறு. உள்ளேயே வாடகைக்கு இடம் பிடித்தவர்கள். மலேசியத் தமிழில் இவை ஒட்டுக்கடைகள். ஒரு மேசையில் பசியாறும் சுற்றுலாப் பயணியின் காசு மூன்று நான்கு குடும்பங்களுக்குப் பிரிகிறது. சமூகச் சுற்றுலா என்று திட்ட அறிக்கைகள் கேட்பது இங்கே எந்த அறிக்கையும் இல்லாமல் நடந்துவந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியத் தலமானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு முன்பே, 1999ஆம் ஆண்டு முடிவோடு, போய்விட்டது. வாடகை ஏறி, பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. பயணி எதைத் தேடி வந்தாரோ அதையே அவர் வருகை விரட்டுகிறது. ஒட்டுக்கடைகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக இருக்க 2016 முதல் பினாங்கில் தடை. கைப்பக்குவத்தைக் காக்கத்தான், ஆனால் வாடகையைத் தொடாமல் கரண்டியை மட்டும் காப்பது அரைவேலை. மலேசியாவின் காலை உணவுப் பண்பாடும் 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது.

தமிழில் எப்படி எழுதுவது? ‘குளம்பியகம்’ என்ற தனித்தமிழாக்கம் வேண்டாம், கல்லாவில் இருப்பவருக்கும் புரியாது, மேசையில் இருப்பவருக்கும் புரியாது. சிங்கப்பூர்த் தமிழர் நெடுங்காலமாகப் புழங்கும் ‘காப்பிக்கடை’ போதும். தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் முதல் இடத்தில் மட்டும் ‘சீனக் காப்பிக்கடை’ என்று எழுதி, உள்ளே ஒட்டுக்கடைகள் உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.