அடுத்த முறை யாருடைய மாடு?

தெற்கு எத்தியோப்பியாவில் மாடு மேய்க்கும் போரானா மக்களின் ஆழக் கிணறுகளுக்குத் ‘தூலா’ என்று பெயர். மோட்டார் கிடையாது. கிணற்றுக்குள் ஒருவருக்கு மேல் ஒருவராக ஆட்கள் நின்று வாளியைக் கைமாற்றி மேலேற்றுவார்கள். தாளம் தப்பாமலிருக்கப் பாட்டும் உண்டு. மேலே களிமண் தொட்டி நிறைய நிறைய, மந்தைகள் முறைப்படி வந்து குடிக்கும். எந்த மந்தை எந்த நாளில் என்று முறை வைப்பவர் ‘அப்பா ஹெரேகா’. அவர்கள் பேசும் ஓரோமோ மொழியிலும் அப்பா என்றால் தந்தைதான்!

வறண்ட மேய்ச்சல் நிலத்தில் மழை திட்டுத் திட்டாகப் பெய்யும். இங்கே முழங்கால் உயரப் புல், ஒரு நாள் நடைத் தொலைவில் வெறும் புழுதி. புல் இருக்கும் இடத்துக்கு மந்தை நடந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த இடம் பெரும்பாலும் அடுத்த சமூகத்தின் நிலம். அவர்கள் வழிவிட வேண்டும். வறட்சியைத் தாங்குவதும் சமாதானம் பேசுவதும் அங்கே ஒரே வேலைதான்.

வறட்சி வந்தாலே சண்டை வரும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வடக்குக் கென்யாவின் மார்சபிட் பகுதியை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில்தான் கால்நடைக் கொள்ளையில் அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள். உயர்ந்த புல் கொள்ளையரை மறைக்கும். நன்றாக மேய்ந்த மாட்டை வேகமாக ஓட்டிப்போகலாம். தண்ணீர் வற்றும்போதோ பகையாளியோடும் கிணற்றைப் பகிர்ந்தாக வேண்டும்.

பேச்சு அடியோடு அறுந்த இடமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கென்யாவின் வஜீரில் வறட்சியும் குலச்சண்டையும் சேர்ந்து வந்தன. சந்தையில்கூட ஒரு குலப் பெண் மறு குலத்தாரிடம் வாங்க முடியாத நிலை. டெகா இப்ராஹிம் அப்தியும் வேறு சில பெண்களும் அங்கிருந்தே தொடங்கினார்கள்: எல்லோருக்கும் சந்தை திறந்திருக்க வேண்டும், அதைக் கண்காணிக்கப் பெண்களின் குழு வேண்டும். பிறகு முதியவர்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். 1993இல் அல் ஃபத்தா உடன்படிக்கை பிறந்தது. வெளியிலிருந்து வந்த யாருக்கும் அந்தச் சந்தையில் யார் யாரிடம் பேச மறுக்கிறார்கள் என்று தெரிந்திருக்காது. என்னை இன்றும் நெகிழ வைப்பது இதுதான்.

நல்லெண்ணத்தோடு தோண்டும் ஆழ்துளைக் கிணறும் இந்த ஏற்பாட்டைக் குலைக்கும். மழைக்கால மேய்ச்சல் நிலத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் கிடைத்தால் மந்தைகள் அங்கேயே தங்கிவிடும். புல் மீள ஓய்வில்லை. முறை வைக்க ஆளுமில்லை. தகராறு அங்கே முளைக்கிறது.

2020 இறுதியிலிருந்து 2022 வரை ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியில் தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. இத்தகைய வறட்சிக்கான வாய்ப்பைப் புவி வெப்பமாதல் குறைந்தது 100 மடங்கு கூட்டியதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். மந்தைகள் முன்பு போகாத தொலைவுக்கு, முன்பின் அறியாதவர்களின் நிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பழைய உடன்பாடுகள் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை.

அந்த வறட்சிக்கு முன்பே கென்யாவின் இசியோலோவில் காலநிலை நிதியைச் செலவிடும் இடத்தை உள்ளூர்க் குழுக்களே தேர்ந்தெடுத்தார்கள். நீர்நிலைகளைச் சீரமைப்பதோடு, மேய்ச்சலை நிர்வகிக்கும் ‘தேதா’ முதியவர்கள் கூடிப் பேசவும் வறட்சிக்கென ஒதுக்கிய புல்வெளியைச் சுற்றிவந்து காக்கவும் பணம் போனது.